எமிலைத் தவிர

போன வாரம் ஒரு வாசகி போன் செய்தார். ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தவர், இரண்டாவது நிமிஷம் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

'சார், என் பையன் ப்ளஸ் ஒன் போறான். பதினெட்டு வயசு முடியறதுக்குள்ள படிச்சே தீரவேண்டிய புத்தகங்கள்னு ஒரு இருபது எழுதிக் குடுங்களேன். இருபது ஜாஸ்தின்னா பத்து. கோச்சிங் கிளாஸ் வேற இருக்கு.'

நியாயமான கோரிக்கைதான். பத்து பேர் பெயரைக் கடகடவென்று சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் 'படிச்சே தீரவேண்டிய' என்று அவர் சொன்னபோது எனக்கு வேறொரு பட்டியல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதையும் புத்தகங்களை நன்றாகத் தெரிந்த ஓர் ஆசாமிதான் தயாரித்தார். வயது 29. உத்தியோகம், நூலகர்.

பெயர் வோல்ஃப்கங் ஹெர்மன். ஊர் பெர்லின். வருஷம் 1933.

அந்த வருஷம் ஜனவரியில்தான் ஹிட்லர் பதவிக்கு வந்திருந்தார். நூலகங்களில் எந்தப் புத்தகம் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று ஹெர்மன் ஒரு கறுப்புப் பட்டியல் போட்டார். எழுத்தாளர் பெயர், பக்கத்தில் தீர்ப்பு. சிலருக்குச் சில புத்தகங்கள் மட்டும் தடை. பலருக்கு 'அனைத்தும்'. ஒருவருக்குக் கொஞ்சம் வேடிக்கையான தீர்ப்பு. எரிக் கேஸ்ட்னர்: எல்லாம். எமிலைத் தவிர.

யார் இந்த எமில்?

ஒரு பையன். அம்மா சிகை அலங்காரத் தொழில் செய்பவள். அப்பா இல்லை. விடுமுறைக்கு பெர்லினில் இருக்கும் பாட்டி வீட்டுக்குத் தனியாக ரயிலில் போகிறான். அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த 140 மார்க் கோட்டுப் பாக்கெட்டில் இருக்கிறது. விழுந்துவிடக் கூடாதே என்று குண்டூசி குத்தி வைத்திருக்கிறான். எதிர் சீட்டில் தொப்பி போட்ட ஒரு பெரிய மனுஷன். எமில் தூங்கிப்போகிறான். விழித்துப் பார்த்தால் பெரிய மனுஷனையும் காணோம், பணத்தையும் காணோம்.

போலீஸிடம் போக பயம். அப்புறம் என்ன? பெர்லின் தெருப் பையன்கள் ஒன்று சேர்கிறார்கள். ஒருத்தன் ஹாரன் வைத்திருக்கிறான், ஒருத்தன் வீட்டில் போன் இருக்கிறது, ஒருத்தனுக்கு மூளை இருக்கிறது. திருடனை ஊர் முழுக்கத் துரத்தி ஒரு பேங்க்கில் மடக்குகிறார்கள். பணம் உன்னுடையதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? நோட்டில் குண்டூசி குத்திய ஓட்டை இருக்கிறதே!

பி.காம். படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதைவிட அழகான ஆடிட் ஆதாரம் எனக்குத் தெரிந்து எந்தக் கதையிலும் இல்லை.

'எமிலும் துப்பறிவாளர்களும்' 1929ல் வந்தது. படம் போட்டவர் வால்டர் ட்ரியர். எழுதச் சொல்லித் தூண்டிய பதிப்பாளர் அம்மையார் எடித் யாகப்ஸன். இருவருமே யூதர்கள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. 1931ல் சினிமாவே எடுத்துவிட்டார்கள். பின்னால் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த பில்லி வைல்டர் திரைக்கதையில் கை வைத்த படம்.

1933 மே 10. ராத்திரி. பெர்லினில் ஆபரா மாளிகைக்கு எதிரே இருக்கும் சதுக்கம். மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்த புத்தகங்கள் லேசில் பற்றவில்லை, பெட்ரோல் ஊற்றவேண்டியிருந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள். எரித்தவர்கள் யார்? ரவுடிகள் என்று நினைத்தீர்களானால் தப்பு. பல்கலைக்கழக மாணவர்கள். ஒவ்வொரு எழுத்தாளர் பெயரையும் உரக்கச் சொல்லிச் சொல்லி நெருப்பில் போட்டார்கள். கேஸ்ட்னரின் பெயரும் வந்தது.

அந்தக் கூட்டத்தில், சீருடை போட்ட மாணவர்களுக்கு நடுவே, கேஸ்ட்னரும் நின்றுகொண்டிருந்தார்.

என்ன தைரியம் அல்லது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தெரியவில்லை. பார்த்தே தீருவது என்று போயிருக்கிறார் மனிதர். தன் புத்தகம் எரிவதைப் பார்த்தார், கோயபல்ஸ் பேசியதைக் கேட்டார். திடீரென்று கூட்டத்தில் ஒரு பெண், 'அதோ கேஸ்ட்னர்!' என்று கத்திவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. நைசாக நழுவிவிட்டார்.

எமில் மட்டும் தப்பித்தான். அதுவும் எத்தனை நாளைக்கு? 1936ல் அவனுக்கும் தடை வந்துவிட்டது. யாகப்ஸன் அம்மையார் நாட்டைவிட்டு ஓடி, 1935லேயே இறந்துபோனார். ட்ரியர் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். கேஸ்ட்னர் மட்டும் ஜெர்மனியிலேயே இருந்தார். கெஸ்டபோ இருமுறை பிடித்துக்கொண்டு போய் விட்டது.

சரி, எரித்தாயிற்று. காலியான இடத்தில் எதை வைத்தார்கள்? இதைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எரிந்ததைப் பற்றி எழுதிய அளவுக்கு, அதற்குப் பிறகு அடுக்கியதைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

'விஷக் காளான்' என்று ஒரு புத்தகம், 1938ல் வந்தது. குழந்தைகளுக்கான வண்ணப்படப் புத்தகம். ஓர் அம்மாவும் மகனும் காட்டில் காளான் பறிக்கப் போகிறார்கள். நல்ல காளான் எது, விஷக் காளான் எது என்று அம்மா சொல்லிக் கொடுக்கிறாள். அப்படியே, மனிதர்களிலும் விஷக் காளான் உண்டு, அவர்கள்தாம் யூதர்கள் என்று பாடம் நகர்கிறது. நம் வீட்டில் பாம்புக்கும் சாரைக்கும் வித்தியாசம் சொல்லித் தருகிற அதே பாசமான குரல். வெளியிட்டவர் யூலியஸ் ஸ்ட்ரைஷர். 1946 அக்டோபரில் ந்யூரெம்பர்க்கில் தூக்கில் போட்டார்களே, அவரேதான். அவர் மீதான விசாரணையில் இந்தக் குழந்தைப் புத்தகமும் ஒரு சாட்சியம்.

காளானாவது பரவாயில்லை, வெளிப்படையான விஷம். என்னை இன்றுவரை தொந்தரவு செய்வது ஒரு கணக்கு.

1930களின் நடுவில் ஜெர்மானியப் பள்ளிகளுக்கென்று வந்த கணக்குப் பயிற்சிகளில் இப்படி ஒன்று இருந்தது. மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி கட்ட 60 லட்சம் மார்க் ஆகிறது. ஒரு வீடு கட்ட 15 ஆயிரம் மார்க். அந்த விடுதிக்குப் பதிலாக எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்?

நானூறு. நீங்களே மனசுக்குள் வகுத்திருப்பீர்கள். நானும் முதல் முறை படித்தபோது வகுத்துவிட்டுத்தான் அதிர்ந்தேன். அதில் ஒரு வசவு இல்லை, ஒரு பொய் இல்லை. சுத்தமான வகுத்தல் கணக்கு. விடை சரியென்றால் மார்க். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன் பென்சிலைக் கீழே வைக்கும்போது ஒரு விஷயத்தைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்திருப்பான். இவர்கள் செலவுக் கணக்கு.

1939ல் ஹிட்லர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டது அக்டோபரில். தேதி செப்டம்பர் 1, போர் தொடங்கிய நாள். பேக் டேட் செய்த வவுச்சர். தீராத நோயாளிகளைக் 'கருணை'யாகக் கொல்ல டாக்டர்களுக்கு அனுமதி. 1941 ஆகஸ்ட்டுக்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளும் ஊனமுற்றோரும் விஷவாயுவில் செத்தார்கள். அந்தக் கணக்கைப் போட்ட பையன்கள்தாம் கொன்றார்கள் என்று சொல்லவரவில்லை. அவர்கள் அப்போது சின்னப் பையன்கள். ஆனால் ஊரில் விஷயம் கசிந்தபோது, அதைக் கேட்ட காதுகளில் பல, நானூறு என்ற விடையை ஏற்கெனவே எழுதிப் பழகியவை.

பதினெட்டு வயதுக்குள் எதைப் படிக்கவேண்டும் என்பதை நாஜிகள் அளவுக்குச் சீரியஸாக எடுத்துக்கொண்டவர்கள் சரித்திரத்தில் குறைவு. 1939ல் பத்திலிருந்து பதினெட்டு வயதுவரை அத்தனை பேரும் ஹிட்லர் இளைஞர் அமைப்பில் இருந்தே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டவர்கள் அவர்கள். பெற்றோராகிய நாம்தான், 'கதைப் புத்தகம்தானே' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது 1945க்கு வாருங்கள். யுத்தம் முடிந்துவிட்டது. ஜெர்மனியின் நகரங்கள் செங்கல் குவியல். நிலவறைகளில் குடித்தனம். குழந்தைகள் இடிபாடுகளில் கரித்துண்டு பொறுக்குகிறார்கள், சிகரெட் துண்டுகளைச் சேர்த்து கறுப்பு மார்க்கெட்டில் விற்கிறார்கள்.

அந்த அக்டோபரில் அமெரிக்க ராணுவச் சீருடையில் ஒரு பெண்மணி ஜெர்மனியில் வந்து இறங்கினார். வயது 54. பெயர் யெல்லா லெப்மன்.

அமெரிக்கர் இல்லை. ஸ்டுட்கார்ட்டில் பிறந்த யூதப் பெண். 17 வயதிலேயே, ஒரு சிகரெட் ஃபேக்டரியில் வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு வாசகசாலை நடத்தியவர். முப்பத்தோரு வயதில் விதவை, இரண்டு குழந்தைகள். பத்திரிகையில் சேர்ந்து ஆசிரியர் குழுவரை உயர்ந்தார். 1933ல் யூதர் என்பதால் வேலை போனது. 1936ல் குழந்தைகளோடு நாட்டைவிட்டு வெளியேறி, இத்தாலி வழியாக லண்டன். எந்த நாடு விரட்டியதோ அதே நாட்டுக்கு, ஜெயித்த ராணுவத்தின் ஆலோசகராகத் திரும்பி வருகிறார். பெண்கள், இளைஞர்கள் விவகாரம் அவர் பொறுப்பு.

ஜீப்பில் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்தார். ரொட்டி வேண்டும், போர்வை வேண்டும், மருந்து வேண்டும். எல்லாம் தெரிகிறது. ஆனால் லெப்மன் கேட்டது புத்தகம். பன்னிரண்டு வருஷமாக இந்தக் குழந்தைகளுக்கு வெளியுலகத்திலிருந்து ஒரு கதைகூட வரவில்லை. பக்கத்து நாட்டுப் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்ததெல்லாம் காளான்.

சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது புத்தகமா என்று நானும் கேட்டிருப்பேன். உங்களுக்கும் தோன்றலாம். அதற்கு லெப்மனிடம் பெரிய தத்துவ விளக்கமெல்லாம் இல்லை. தலைகீழாகிக் கிடக்கும் உலகத்தை எங்கிருந்தாவது நிமிர்த்தத் தொடங்கவேண்டும், குழந்தைகளிலிருந்து தொடங்குவோமே என்பதுதான் அவர் வாதம். ராணுவம் சரி என்றது. ஆனால் கைக்காசு கிடையாது.

மூலதனம் பூஜ்ஜியம். என்ன செய்வீர்கள்?

லெப்மன் கடிதம் எழுதினார். இருபது நாடுகளுக்கு. உங்கள் நாட்டுக் குழந்தைகள் விரும்பிப் படிக்கும் புத்தகங்களில் நல்லவற்றை இலவசமாக அனுப்புங்கள், ஜெர்மன் குழந்தைகளுக்குக் கண்காட்சி வைக்கப்போகிறோம். படம் நிறைய இருந்தால் உத்தமம், உங்கள் பாஷை இவர்களுக்குத் தெரியாது.

யோசித்துப் பாருங்கள். இவற்றில் பல, ஜெர்மன் குண்டு விழுந்த நாடுகள். ஃபிரான்ஸ், ஹாலந்து, நார்வே, இங்கிலாந்து. அவர்கள் பிள்ளைகளைக் கொன்றவர்களின் பிள்ளைகளுக்குப் பரிசு கேட்கிறார் இந்த அம்மாள். அனுப்பினார்கள்! பெட்டி பெட்டியாக வந்தது.

ஒரே ஒரு நாடு முடியாது என்றது. பெல்ஜியம். 1914ல் ஒரு தடவை, 1940ல் ஒரு தடவை, ஜெர்மானியர்களிடம் இரண்டு முறை மிதிபட்ட நாடு. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லையென்று யார் சொல்லமுடியும்?

லெப்மன் விடவில்லை. மறுபடி எழுதினார். உங்கள் நாட்டை மூன்றாவது முறையும் மிதிக்கக் கூடாதென்றால், இந்தக் குழந்தைகள் வேறு மாதிரி வளரவேண்டும், இல்லையா? பெல்ஜியம் யோசித்தது. நல்ல புத்தகங்களாகப் பொறுக்கி அனுப்பிவைத்தது.

இந்த இரண்டாவது கடிதத்தை எழுதியவர் யார் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த ஜெர்மானியர்களால் தெருவில் நிறுத்தப்பட்ட யூதப் பெண்.

1946 ஜூலை 3ம் தேதி ம்யூனிக்கில் கண்காட்சி திறந்தது. சுமார் நாலாயிரம் புத்தகங்கள், கூடவே குழந்தைகள் வரைந்து அனுப்பிய படங்கள். இடம் எது தெரியுமோ? 'கலை மாளிகை.' ஹிட்லர் ஆசை ஆசையாகக் கட்டிய கட்டடம். 1933ல் அஸ்திவாரக் கல் நாட்டும்போது அவர் ஓங்கித் தட்டிய வெள்ளிச் சுத்தியல் இரண்டாக உடைந்தது. நம்மூராக இருந்தால் அன்றைக்கே ஜோசியரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஜெர்மானியக் கலை தவிர வேறெதுவும் நுழையக்கூடாதென்று கட்டிய மண்டபத்தில், அத்தனை பாஷைப் புத்தகங்களும் மேஜைமேல் வந்து உட்கார்ந்தன.

அந்த வருஷக் கடைசியில் கண்காட்சி பெர்லினுக்குப் போனது. கிறிஸ்துமஸ் சமயம், எலும்பை உறைய வைக்கும் குளிர். பார்க்க வந்த குழந்தைகள் புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். லெப்மனுக்குத் தாங்கவில்லை. ஒன்றாவது கையில் கொடுத்தனுப்பவேண்டும். எதை?

'ஃபெர்டினாண்டின் கதை' என்ற அமெரிக்கப் புத்தகத்தை எடுத்தார். 1936ல் மன்றோ லீஃப் எழுதி, ராபர்ட் லாசன் படம் போட்டது. ஸ்பெயின் தேசத்து ஒரு காளை. மற்ற கன்றுகளெல்லாம் முட்டி மோதி விளையாடும்போது இது மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து பூ மோந்துகொண்டிருக்கும். ஒருநாள் தேனீயின் மேல் உட்கார்ந்துவிட, கொட்டு வாங்கித் துள்ளிக் குதிக்கிறது. பார்த்தவர்கள், ஆஹா இதுவல்லவோ மாடு என்று காளைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அரங்கத்தின் நடுவே விட்டால், பெண்கள் கூந்தலில் இருக்கும் பூவாசனை. ஃபெர்டினாண்ட் உட்கார்ந்துவிட்டது. என்ன குத்தியும் சண்டை போடவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அலங்காநல்லூர்க்காரர்கள் மன்னிக்கவேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் ஃபிராங்கோவின் ஸ்பெயினிலும் ஹிட்லரின் ஜெர்மனியிலும் இந்த மாட்டைத் தடை செய்திருந்தார்கள். சண்டை போட மறுக்கும் ஒரு மாடு சர்வாதிகாரிகளுக்கு அவ்வளவு உறுத்தியிருக்கிறது.

லெப்மன் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நல்ல பேப்பருக்கு எங்கே போவது? நியூஸ் பேப்பர் அச்சடிக்கிற தாளிலேயே அடித்தார்கள். 30 ஆயிரம் பிரதிகள். பெர்லின் குழந்தைகளுக்கு இலவசம். அப்பா போரில் செத்த பிள்ளைகள், இன்னும் திரும்பி வராத பிள்ளைகள். அவர்கள் கையில், சண்டை போடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட மாடு.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. அமெரிக்காவுக்குப் போய்ப் பேசினார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1949 செப்டம்பர் 14 அன்று ம்யூனிக்கில் சர்வதேச இளைஞர் நூலகம் பிறந்தது. பூட்டிய அலமாரி கிடையாது. பிள்ளைகளே எடுக்கலாம், புரட்டலாம், படம் வரையலாம், படித்ததைப் பற்றிச் சண்டை போடலாம். இன்று அது ஒரு பழைய கோட்டைக்குள் இருக்கிறது. ஆறு லட்சத்துக்கும் அதிகமான புத்தகங்கள்.

கவனித்தீர்களா, லெப்மன் கடைசிவரை ஒரு பட்டியல் போடவில்லை. ஹெர்மனின் கறுப்புப் பட்டியலுக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பட்டியல் போட்டிருக்கலாம். அதிகாரம் இருந்தது, ராணுவம் இருந்தது. செய்யவில்லை. ஒவ்வொரு நாட்டையும், உன் பிள்ளைகள் எதை விரும்புகிறார்களோ அதை அனுப்பு என்றார். வந்ததைப் பிரித்து வைத்துவிட்டு விலகி நின்றார். என் அபிப்பிராயத்தில் அவர் செய்த காரியங்களிலேயே கஷ்டமானது இதுதான். நல்ல நோக்கமுள்ளவர்களுக்குப் பட்டியல் போடாமல் இருப்பது ரொம்பச் சிரமம். எனக்கே கை அரிக்கிறது.

ம்யூனிக்கில் அவருக்குத் தோள் கொடுத்தவர்களில் முக்கியமான ஒருவர், நம் கேஸ்ட்னர். போர் முடிந்து அங்கேதான் குடியேறியிருந்தார். பெரியவர்கள் மாநாடு மேல் மாநாடு போட்டும் உருப்படியாக ஒன்றும் நடக்காததால், மிருகங்களெல்லாம் குழந்தைகளுக்காக மாநாடு கூட்டினால்? இந்த யோசனையைக் கொடுத்தது லெப்மன், எழுதியது கேஸ்ட்னர். 1949ல் வந்தது. படம் போட்டது, கனடாவுக்குக் குடிபெயர்ந்திருந்த அதே வால்டர் ட்ரியர்.

அதே வருஷம் கேஸ்ட்னர் இன்னொரு புத்தகமும் வெளியிட்டார். இரண்டு சிறுமிகள் ஒரு விடுமுறை முகாமில் சந்திக்கிறார்கள். அச்சு அசலாக ஒரே முகம். ஒருத்திக்கு அம்மா மட்டும், இன்னொருத்திக்கு அப்பா மட்டும். விசாரித்தால், விவாகரத்தான பெற்றோர் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்ட இரட்டைக் குழந்தைகள். ஊர் மாறிப் போய், ஆள் மாறாட்டம் செய்து, அப்பா அம்மாவைச் சேர்த்து வைக்கிறார்கள். விவாகரத்தையெல்லாம் குழந்தைகள் புத்தகத்தில் எழுதலாமா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். அதனால் கதைக்கு நடுவிலேயே பதிலும் சொல்லிவிட்டார். விவாகரத்தால் கஷ்டப்படுகிற குழந்தைகள் ஊரெல்லாம் இருக்கும்போது, அவர்களிடம் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என்ன நியாயம்?

கதையை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

இருக்கும். 1961ல் வால்ட் டிஸ்னி அதை 'தி பேரன்ட் ட்ராப்' என்று எடுத்தார். 1965ல் அதைப் பார்த்து ஏவி.எம். எடுத்த படம் 'குழந்தையும் தெய்வமும்'. கிருஷ்ணன் - பஞ்சு டைரக்‌ஷன். ஜெய்சங்கர், ஜமுனா, இரட்டை வேஷத்தில் குட்டி பத்மினி. அந்தக் கோழி - சேவல் பாட்டை முணுமுணுக்காத தமிழ் வீடு உண்டா? என் அம்மா இந்தப் படத்தை டூரிங் டாக்கீஸில் மூன்று தடவை பார்த்து, மூன்று தடவையும் அழுதவர். பெர்லின் தெருவில், மழையில், பெயர் சொல்லி எரிக்கப்பட்ட ஒரு மனிதனின் கதைக்காகத்தான் அழுதோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கே நாற்பது வயதில்தான் தெரிந்தது.

லெப்மன் 1970ல் ஜூரிக்கில் காலமானார். கேஸ்ட்னர் 1974ல்.

போன் செய்த வாசகிக்கு இன்னும் நான் பட்டியல் அனுப்பவில்லை. பையனைப் பேசச் சொல்லுங்கள், அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோச்சிங் கிளாஸ் முடிந்ததும் கூப்பிடுவானாம்.